புளித்த சோறும் உன் அப்பாவும்

கிள்ளான்
6.3.1983, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கோமளாவுக்கு அம்மா இராஜம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, கூரைமேல் குடியிருக்கும் அந்தத் திருட்டுப் பூனை எல்லாரும் பிள்ளையார் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று எழுதினால் என் மனசு ஆறும். எப்போதும் அப்பா எழுதுவார், கடைசியில் நான் இரண்டு வரி கிறுக்குவேன், இந்தத் தடவை முழுக்க அம்மா கையெழுத்தாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, மனுஷன் நன்றாகத்தான் இருக்கிறார், இப்போதுகூடப் பின்னால் குழாயடியில் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், சத்தம் இங்கே வரை கேட்கிறது. உன் பூச்சோங் அத்தை தங்கமணி உனக்குக் கடிதம் போட்டாளாமே, அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கெட்டுப்போன சோற்றைப் போட்டார், போலீஸ் வந்தது, கண்டீனை இழுத்துப் பூட்டிவிட்டார்கள் என்று. நீ பதறிப்போய் லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டு எழுதியது நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த கதைதான் உன் அத்தையுடையது. போலீஸ் ஒன்றும் வரவில்லை. ஒரு போலீஸ்காரர் வந்தார், அவர் தன் மகன் மறந்துவிட்டுப் போன புத்தகப் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போனார். சோறு கெட்டது உண்மை, கண்டீன் பூட்டியதும் உண்மை. மிச்சத்தை நான் சொல்கிறேன், அவசரப்படாமல் உட்கார்ந்து படி.

இந்தக் கண்டீனை நீ பார்த்ததில்லை. துறைமுகத்துப் போர்ட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் உன் அப்பா இரண்டு மாதம் வீட்டில் இருந்தார், அந்த இரண்டு மாதத்தில் என் அடுப்படியில் இருக்கிற டப்பாவையெல்லாம் இடம் மாற்றி வைத்து என்னைப் பைத்தியமாக்கினார். அப்போதுதான் நம் தமிழ்ப் பள்ளியில் கண்டீன் நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானே அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தேன். தலைமையாசிரியர் சபாபதி சாருக்கும் சந்தோஷம், கோயில் மடப்பள்ளியில் இத்தனை வருஷம் திருவிழாவுக்குத் திருவிழா சமைத்த கை என்று ஊருக்கே தெரியுமே. பள்ளிக்குப் பின்னால் தகரக் கொட்டகை, நீள மேசைகள், ஒரு பக்கம் அடுப்பு, சுவரில் பிள்ளையார் படம், அவ்வளவுதான் கண்டீன். ஆனால் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஈ வந்தால் அது வழி தவறி வந்த ஈயாகத்தான் இருக்க வேண்டும். உன் அப்பா தேங்காய்ப்பாலில் நாசி லெமாக் சோறு ஆக்குவார், நான் நெத்திலிச் சம்பால் கிண்டுவேன். சோறு வெந்ததும் முதல் தட்டு, சம்பால் படாமல், வெறும் சோறாகப் பிள்ளையாருக்குப் போகும். சூடம் காட்டிய பிறகுதான் பிள்ளைகளுக்கு. மடப்பள்ளிப் பழக்கம், படைப்பதற்கு முன்னால் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார், உப்புக்கூடப் பார்க்க மாட்டார், வாய்பட்டால் எச்சில். ஆவி வரும்போது முகர்ந்து பார்த்தே உப்பு சொல்லிவிடுவார், பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்லிவிடுவார். படைத்த பிறகாவது சாப்பிடுவாரா என்றால் அதுவும் இல்லை, பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டு முடிக்கட்டும் என்பார், முடிந்ததும் வீட்டுக்கு வந்து என் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிடுவார். ஆக ஒரு வருஷமாக அந்தக் கண்டீனில் தான் ஆக்கிய சோற்றை ருசி பார்க்காத ஒரே ஆள் உன் அப்பாதான். இதை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன், அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இப்போது நடந்ததுக்கு வருகிறேன். சீனப் பெருநாள் முடிந்து பள்ளி திறந்துவிட்டது, ஆனால் பாசாரில் தேங்காய் துருவிக் கொடுக்கும் சீனத்தி இன்னும் கடை திறக்கவில்லை, ஊரிலிருந்து திரும்பவில்லை. அதனால் அப்பா முதல் நாள் மத்தியானமே வேறு எங்கோ அலைந்து துருவிய தேங்காய் வாங்கிவந்து, காலையில் நேரம் இருக்காது என்று சாயங்காலமே பாலைப் பிழிந்துவைத்துவிட்டார். ஐஸ்பெட்டியில் வையுங்கள் என்றேன். பெட்டியைத் திறந்தார், மூடிவிட்டார். உள்ளே கோழி இருந்தது. அந்தக் கோழியே உன் அத்தை தங்கமணிக்காக வாங்கியது, பெருநாள் லீவுக்கு வந்தவள் அண்ணி கையால் கோழிக்கறி சாப்பிட்டுத்தான் போவேன் என்று இரண்டு நாளாக அசையாமல் உட்கார்ந்திருந்தாள், இதையெல்லாம் உனக்கு எழுதியிருக்க மாட்டாளே. கோழி இருக்கிற பெட்டியில சாமிக்குப் போற பாலை எப்படி வைக்கிறது என்று சொல்லி, பால் குண்டானை ஈரத்துணி சுற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார். நான் கோழியை வெளியே எடுக்கிறேன் என்றேன், எடுத்தாலும் வாடை போகாது என்றார். சரி, எப்படியோ போங்க என்று நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு வேகாத வெயில் அடித்த நாள், ராத்திரியும் சூடு குறையவே இல்லை. இதில் இன்னொரு கூத்து, அவருக்கு அன்று பயங்கர ஜலதோஷம், மூக்கு இரண்டும் அடைத்து, நான் தைலம் தேய்த்துவிட்ட பிறகும் வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூக்கை நம்பிச் சமைக்கிற மனுஷனுக்கு மூக்கு இல்லாத நாள் அது. பாண்டான் இலையும் இஞ்சியும் போட்டு ஆக்கியதில் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நானோ சம்பால் நெடியில் தும்மிக்கொண்டிருந்தேன்.

ஓய்வு மணி அடித்தது, பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். பெரிய பிள்ளைகள் சிலர் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டார்கள், விளையாட்டு அவசரம் என்று நினைத்தோம். இரண்டாம் வகுப்பில் கஸ்தூரி என்று ஒரு சின்னது இருக்கிறது, முட்டைக்கண், எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, அது தட்டோடு எழுந்து வந்து, தாத்தா, சோறு புளிக்குது என்றது. உன் அப்பா சிரித்துக்கொண்டே அதன் தலையில் கை வைத்து, சாமி சாப்பிட்ட சோறும்மா, புளிக்காது, மிச்சம் வைக்காம சாப்பிடு என்றார். அது போய் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சாப்பிட்டது, திரும்பவும் வந்து அதையே சொன்னது, இவரும் திரும்ப அதையே சொன்னார். பாவம், நல்ல பிள்ளை, பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிற பிள்ளை, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனது. மத்தியானத்துக்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் வாந்தி, வயிற்றுவலி. சபாபதி சார் தன் காரிலேயே இரண்டு நடை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். மற்றப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கஸ்தூரியை மட்டும் தண்ணீர் ஏற்றி இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். முழுத்தட்டும் சாப்பிட்டது அது ஒன்றுதானே. நீ நர்ஸுக்குப் படிக்கிறவள், உனக்கு இதெல்லாம் தினமும் பார்க்கிற காரியமாக இருக்கும், எனக்கு அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தியிருந்ததைப் பார்க்கவே முடியவில்லை. உன் அப்பா வார்டுக்குள்ளேயே வரவில்லை. வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார், வாங்க வாங்க என்று கூப்பிட்டும் தலையை நிமிர்த்தவில்லை.

கண்டீனை மூடியது நியாயம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். சுகாதார இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார், நல்ல மனுஷன், அடுப்பு, சாக்கடை, துணி, என் நகம் வரைக்கும் பார்த்தார். இவ்வளவு சுத்தமான கண்டீனில் எப்படி இது நடந்தது என்று அவருக்கே ஆச்சரியம். சோற்றை யார் ருசி பார்த்தது என்று கேட்டார், யாரும் பார்க்கவில்லை என்றதும் பேனாவை மூடிவிட்டு உன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ராசா டூலு லா, பாக்சிக் என்றார், அதாவது முதலில் ருசி பாருங்கள் பெரியவரே என்று. உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, துஹான் டூலு என்றார், முதலில் சாமி என்று. அந்த மனுஷனும் சாமி பயம் உள்ளவர், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சபாபதி சாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், தேங்காய்ப்பால் அன்றன்றைக்குப் பிழிய வேண்டும், மணி அடிக்கும் முன்னால் சமைத்தவர் ஒவ்வொரு பாத்திரத்திலும் எடுத்து ஓர் ஆசிரியர் முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திறக்கக் கூடாது என்று. பாலுக்குச் சரி என்ற உன் அப்பா, ருசிக்கு முடியாது என்றார். அப்படியானால் கண்டீனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கோயிலிலிருந்து மாசி மகச் சமையலுக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள், அதற்கும் போகவில்லை. கரண்டி பிடிக்காத உன் அப்பாவை நீ பார்த்திருக்கிறாயா? நான் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. எனக்குக் கண்டீன் போனால் போகட்டும் என்றுகூட ஆகிவிட்டது, இந்த மனுஷன் இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடுவாரோ என்றுதான் பயம். பள்ளிக்கூட வாசலிலோ ஐஸ் உருண்டைக்காரனுக்குக் கொண்டாட்டம், சிவப்பும் பச்சையுமாகச் சாயத்தண்ணீர் ஊற்றி உருட்டிக் கொடுக்கிறான், அந்தத் தண்ணீர் எந்தக் குழாய்த் தண்ணீரோ கடவுளுக்குத்தான் தெரியும், பிள்ளைகள் சாயம் பூசிய நாக்கோடு வகுப்புக்குப் போகிறார்கள்.

எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் போட்டார்கள். உன் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், வராவிட்டால் ஓடி ஒளிந்துகொண்டார் என்று பேசுவார்கள், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இரண்டு மூன்று பேர் எழுந்து கண்டீனை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள், ஒருவர் தன் மச்சானுக்கே கொடுக்கலாம் என்றார், அந்த மச்சானைப் பற்றி எனக்குத் தெரியும், அவன் கடையில் எண்ணெயை மாற்றுவதே தீபாவளிக்குத்தான். அப்போது பின்வரிசையிலிருந்து கஸ்தூரியின் அம்மா எழுந்தாள். பேக்டரி உடுப்போடு வந்திருந்தாள், சின்னப் பொண்ணு, உன் வயதுதான் இருக்கும். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. “மாமா, எம்புள்ள ரெண்டு தரம் வந்து புளிக்குதுன்னு சொல்லுச்சாம். நீங்கதான் சாப்பிடச் சொன்னீங்களாம். நீங்க சொன்னதாலதான் அது சாப்பிட்டுச்சு” என்றாள். பிறகு, “நான் அஞ்சு மணிக்கு பேக்டரி பஸ் ஏறணும், அதுக்கு முன்னாடி எனக்குச் சமைச்சுக் கொடுக்க முடியாது. கண்டீன் இல்லாம இத்தன நாளா அது பன்னும் ஐஸும்தான் தின்னுது. யார் வேணா நடத்துங்க. ஆனா நீங்க திரும்பி வந்தா, வாயில வச்சுப் பார்த்துட்டுப் போடுங்க மாமா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சபாபதி சார் இந்தப் பள்ளித் தவணை முடியும் வரைக்கும் உன் அப்பாவுக்கே விடலாம், ஆனால் அதிகாரி சொன்னபடி நடக்க வேண்டும் என்று முடித்தார். முடிவு இனி ரெங்கசாமி அண்ணன் கையில் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டேன், தட்டில் கை வைக்கவில்லை. எனக்கும் பொறுமை போய்விட்டது, உனக்குத்தான் தெரியுமே அம்மாவின் பொறுமை எவ்வளவு நீளம் என்று. ருசி பார்த்துச் சாமிக்கு ஊட்டிய வேடன் மோட்சத்துக்கே போகலையா என்று கேட்டேன், அவர் நாயனார், நான் ரெங்கசாமி என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். சாமிக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டியில் ஆக்குங்கள், பிள்ளைகள் சோற்றை நான் ருசி பார்க்கிறேன் என்றேன். சாமிக்கு ஒண்ணு, பிள்ளைகளுக்கு ஒண்ணா, அப்படி நான் எந்தக் காலத்திலயும் ஆக்கினதில்ல என்று கோபித்துக்கொண்டார். பிறகு அவரே பேசினார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை கோமளா. “அன்னைக்கு அந்தச் சோத்த அவருக்குத்தானே முதல்ல வச்சேன். சூடம் காட்டினேன். கெட்டுப்போச்சுடா ரெங்கசாமி, பிள்ளைகளுக்குப் போடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. அந்தப் புள்ள ரெண்டு தரம் சொல்லுச்சு, நான் கேக்கலையே” என்று சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன், அழாமல் என்ன செய்வது. ஆனால் சும்மா அழவில்லை, அழுதுகொண்டே சொல்லியும் விட்டேன். அவர் படத்துல இருக்கார்ங்க, அவருக்கு வாய் நீங்கதான், நீங்கதான் சொல்லியிருக்கணும் என்றேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்துபோனால், மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார், பாசாரை நம்பாமல் தானே மட்டையை உரித்துத் துருவுகிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும். கண்டீனில் சோறு வெந்து இறங்கியது, சபாபதி சார் சொன்னபடி வந்து நின்றார், அவரும் பூசை செய்கிறவர்தானே, இவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுச் சுவரில் இருந்த கால அட்டவணையைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். உன் அப்பா மூடியைத் திறந்தார். பிள்ளையார் படத்துக்கு இன்னும் விளக்குக்கூட ஏற்றவில்லை. ஒரு கரண்டிச் சோற்றை உள்ளங்கையில் வாங்கி, ஊதி ஊதி ஆற்றி, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். மருந்து சாப்பிடுகிற பிள்ளை மாதிரிதான் போட்டார், ஆனால் மென்றார், நன்றாக மென்றார். விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா, உப்பு கம்மி என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் தெளித்துக் கிளறி, கையைக் கழுவி, முதல் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டு, எப்போதும் மந்திரம் சொல்கிறவர் அன்று சத்தமாகத் தமிழில் பேசினார். “நான் பார்த்துட்டேன், நல்லா இருக்கு. சாப்பிடுங்க” என்றார். மணி அடித்தது. கஸ்தூரி வரிசையில் வந்தது, தட்டைச் சட்டென்று நீட்டவில்லை, குண்டானையும் இவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. இவர் குனிந்து, பிள்ளையாரிடம் சொன்ன அதே வார்த்தையை அதனிடமும் சொன்னார். அது தட்டை வாங்கி முதலில் மோந்து பார்த்தது, பிறகு ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பார்த்தது, பிறகுதான் போய் உட்கார்ந்தது. பாதிதான் சாப்பிட்டது. மிச்சம் வைத்துவிட்டு ஓடியது. உன் அப்பா அந்தத் தட்டை அவரே எடுத்துக் கழுவினார்.

ஒரு வாரம் ஆகிவிட்டது, தினமும் இப்படித்தான் நடக்கிறது, அதனால் நீ லீவு போட்டு வரவேண்டாம், அந்தப் பணத்துக்கு நல்ல கம்பளிச் சட்டை வாங்கிப் போட்டுக்கொள். உன் ஆஸ்பத்திரிக் கண்டீனில் என்ன போடுகிறார்கள், அவித்த உருளைக்கிழங்கை விட்டால் வேறு எதுவும் தெரியாதா அவர்களுக்கு? நான் அனுப்பிய சம்பால் மிளகாய்த்தூள் டின் வந்து சேர்ந்ததா என்று எழுது. அத்தைக்குப் பதில் போடும்போது மரியாதையாகவே போடு, கோழி விஷயத்தை மட்டும் மறக்காமல் எழுது. உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல், நீ தொட்டுப் பார்க்கும் நோயாளிகளுக்கும் ஒரு குறையும் வராமல், பிள்ளையார் உன் கூடவே இருக்கட்டும், நீ படித்து முடித்து முழு நர்ஸாக இந்த வீட்டு வாசலில் வந்து இறங்குகிற நாளைக் கண்ணால் பார்க்கிற பாக்கியத்தை எங்களுக்குக் கொடுக்கட்டும். கடைசியாக ஒன்று. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே, ஆறுதலும் சொல்லாதே. இன்னைக்கு என்னப்பா சமைச்சீங்க, ருசியா இருந்துச்சா என்று மட்டும் கேள். அவரால் இப்போது அதற்குப் பதில் சொல்ல முடியும்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா
இராஜம்மா ரெங்கசாமி